கூடைப்பந்தாட்டச் சட்டையும் ஆதிக்குடிகளின் ஓவியமும்

விளையாட்டுக் களத்திலே ஓர் அணியினரை மற்றோர் அணியினரினின்றும் பிரித்தறிதற்கென ஏற்பட்டதே சீருடை. பந்தைக் கைக்கொண்டு விரையும் ஆட்டக்காரன் தன் தோழன் யார், எதிரி யார் என்பதைக் கண்ணிமைக்கும் பொழுதில் தெரிந்துகொள்ளல் வேண்டும். பிழை செய்தவனை நடுவர் இலக்கத்தால் அறிதல் வேண்டும். இவ்விரு தேவைகளுக்கும் ஒரு நிறமும் ஓர் எண்ணும் போதுமானவை. எனினும் அவுஸ்திரேலியாவின் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்து அணிகள், அண்மைக்காலத்திலே, பருவந்தோறும் ஒரு குறித்த சுற்றில் மட்டும் தம் வழமையான சட்டைகளை விடுத்து வேறு சட்டைகளை அணிந்து களம் புகுகின்றன. அச்சட்டைகளில் ஆறுகளும் அடிச்சுவடுகளும் நீர்நிலைகளும் மூதாதையரின் பயண வழிகளும் தீட்டப்பட்டிருக்கும். தீட்டியவர் அந்நாட்டு ஆதிக்குடிகளைச் சேர்ந்த ஓவியராவர். அவர் எக்குடியினர், ஓவியம் எந்நிலத்துக்குரியது, அதிலுள்ள குறிகள் எவற்றைச் சுட்டுகின்றன என்னும் விளக்கமும் சட்டையோடு சேர்த்து வெளியிடப்படும். இதனை 'ஆதிக்குடிகள் சுற்று' என வழங்குவர். அதே சங்கத்தில் ஆடும் நியூசிலாந்து அணி மாவோரி மக்களின் மரபைத் தழுவிய சட்டையை அணிந்து இச்சுற்றிலே கலந்துகொள்வதுண்டு.

மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு இஃது ஓர் அலங்கார முயற்சியாகவோ வணிக உபாயமாகவோ தோன்றலாம். அவ்விரண்டும் அதிற் கலந்திருத்தலை மறுத்தற்கில்லை. சட்டைகள் கடைகளிலே விற்கப்படுகின்றன, ஆதரவாளர் அவற்றை விரும்பி வாங்குகின்றனர். ஆயின், அச்சட்டையின் உண்மையான பெறுமதி அதன் பின்னே நிற்கும் அனுமதியிலேயே தங்கியுள்ளது. ஒரு கதையைச் சொல்லும் உரிமை யாருக்குண்டு, அதில் எவ்வளவைப் பிறர்முன் சொல்லலாம், எதனைச் சொல்லலாகாது என்னும் வினாக்கள் அம்மக்களிடையே மிகப் பழமையானவை. அவ்வினாக்களை மதியாது அவர்தம் ஓவியங்களைச் சட்டையிலும் கம்பளத்திலும் நாணயத்தாளிலும் அச்சிட்ட காலமொன்றிருந்தது. இன்றைய சட்டையை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் அக்காலத்தையும் அறிதல் வேண்டும்.

2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஆதிக்குடியினராகவோ ரொறஸ் நீரிணைத் தீவினராகவோ தம்மைப் பதிவுசெய்தோர் 812,728 பேர். நாட்டின் மொத்தச் சனத்தொகையில் இது 3.2 விழுக்காடாகும். ஐரோப்பியர் குடியேறத் தொடங்கிய 1788ஆம் ஆண்டளவில் அக்கண்டத்திலே 250க்கு மேற்பட்ட மொழிகள் வழங்கின என்பர். ஆகவே 'ஆதிக்குடிகளின் ஓவியம்' என்று ஒருமையிற் கூறுவதே ஓரளவு பிழையாகும். வடக்கே ஆர்ணெம் நிலத்தார் மரப்பட்டையில் நுண்ணிய குறுக்குக் கோடுகளை மயிரிழை போல் இழுத்து நிரப்புவர். தென்கிழக்கே உள்ளோர் சாய்சதுரங்களையும் வளைகோடுகளையும் மரத்திலும் தோலிலும் செதுக்கினர். நடுப் பாலைநிலத்தோர் வட்டமும் வளைவும் சுவடுமாய் மணலிலும் உடலிலும் எழுதினர். உலகம் இன்று ஆதிக்குடி ஓவியம் என்றதும் நினைவுகூரும் புள்ளி ஓவியம் இவற்றுள் ஒன்றன் பிற்கால வடிவமே. எந்நகரத்து அணியாயினும் சட்டை முழுவதும் புள்ளிகளைத் தூவிவிட்டாற் போதும் என எண்ணுவது சோம்பலேயன்றி மரியாதையாகாது. பேர்த் நகரம் நூங்கார் மக்களுள் வாட்ஜுக் பிரிவினரின் நிலம். அடிலெயிட் கௌர்ணா மக்களின் நிலம். கெயின்ஸ் கிமுய் வலுபாரா யிடிஞ்சி மக்களின் நிலம். இலவாராக் கரை தராவல் மக்களின் நிலம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கதைகளும் தனித்தனிக் கோடுகளும் உண்டு.

கதை என்னும் சொல்லும் ஈண்டுச் சற்று விளக்கப்பட வேண்டியது. வார்ல்பிரி மக்கள் ஜுகுர்ப்பா என்று கூறுவதை ஆங்கிலேயர் 'கனவு' எனப் பெயர்த்தனர். அப்பெயர்ப்பு பொருந்தாதென்பதைப் பின்வந்த ஆய்வாளரே ஒப்புக்கொண்டனர். உறக்கத்திற் காணும் தோற்றம் அன்று அது. மூதாதையர் நிலத்தின் மீது நடந்து, நடந்தவிடமெல்லாம் மலையையும் சுனையையும் விலங்கையும் சட்டத்தையும் உண்டாக்கிய செயலும், அச்செயல் இன்றும் நிலத்தில் நிலைத்து நிற்கும் நிலையும், அதனால் மனிதர்க்கு ஏற்படும் கடமையும் ஆகிய யாவும் அவ்வொரு சொல்லுள் அடங்கும். ஒரு சுனையின் கதையைச் சொல்வது அச்சுனையின் உரிமைப் பத்திரத்தை வாசிப்பது போன்றதாகும். இது வெறும் உவமையன்று. 1963ஆம் ஆண்டில் யிர்க்கலா என்னுமிடத்து யோல்ங்கு மக்கள், தம் நிலத்திலே பொக்சைற்றுச் சுரங்கம் அமைக்கப்படுவதை எதிர்த்துப் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பியபோது, தட்டச்சிட்ட தாளை மரப்பட்டையில் ஒட்டி அதனைச் சூழத் தம் குல ஓவியங்களைத் தீட்டி அனுப்பினர். அவர்கள் நோக்கில் அவ்வோவியமே அவர்தம் உரிமைக்குச் சான்று.

இத்தகைய சான்றினை யாரும் எழுதிவிட முடியாது. வார்ல்பிரி மக்களிடையே ஒரு கதைக்கும் அதற்குரிய வடிவத்துக்கும் தந்தைவழியில் உரிமை பெற்றோர் கிர்டா எனப்படுவர். தாய்வழியால் அதனோடு தொடர்புற்றோர் குர்டுங்குர்லு எனப்படுவர். உரியவர் ஆடலாம், பாடலாம், எழுதலாம். ஆயின் அது முறைப்படி நடைபெறுகின்றதா எனக் கண்காணிப்பதும், தவறுமிடத்துத் திருத்துவதும் மற்றவர் கடமை. உரிமையாளர் தாமாகவே தம் விருப்பப்படி எதனையும் செய்துவிட முடியாதவாறு அமைந்த ஒழுங்கு இது. தனியொருவனின் கற்பனையே கலையின் ஊற்று என்று கொள்ளும் ஐரோப்பியப் பதிப்புரிமைச் சட்டத்துக்கும் இவ்வொழுங்குக்கும் உள்ள இடைவெளியை மனத்திலிருத்தினால், பின்னர் எழுந்த வழக்குகளின் சிக்கல் எளிதில் விளங்கும்.

இவ்வடிவங்கள் முதன்முதல் எழுதப்பட்ட இடங்களுள் ஒன்று மனித உடல் என்பதும் கருதத்தக்கது. யாவுல்யு எனப்படும் பெண்களின் சடங்கிலே, காவிமண்ணைக் கொழுப்போடு குழைத்து, மார்பிலும் தோளிலும் குலத்துக்குரிய கோடுகளை இழுப்பர். தென்கிழக்குப் பகுதியிலோ, பொஸம் என்னும் மரவாழ் விலங்கின் தோல்களைத் தைத்துப் போர்வையாக்கி, அதன் உட்புறத்திலே குடியையும் நிலத்தையும் குறிக்கும் கோடுகளைக் கீறினர். குழந்தைக்குச் சில தோல்களால் அமைந்த சிறு போர்வை. அது வளர வளரத் தோல்களும் கோடுகளும் கூடிக்கொண்டே போகும். முதுமையில் இறந்தவரை அப்போர்வையிற் சுற்றிப் புதைத்தலும் உண்டு. ஒருவருடைய வாழ்க்கை வரலாறே அவர் தோள்மேற் கிடந்தது எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்வைகளுள் எஞ்சியவை மிகச் சில. அவற்றைப் பார்த்து இக்கலையை மீளக் கற்ற குடியினர், 2006ஆம் ஆண்டு மெல்பேணில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டு விழாவின் தொடக்கத்திலே புதிதாய்த் தைத்த போர்வைகளை அணிந்து தோன்றினர். ஆதலால் ஆட்டக்காரனொருவன் மார்பிலும் முதுகிலும் இவ்வடிவங்களைச் சுமந்து ஆடுவது முற்றிலும் அந்நியமான வழக்கமன்று. சுவரில் மாட்டும் திரைச்சீலைக்கு அவை வந்ததே மிகப் பிந்திய செய்தி. உடலோடு அவற்றுக்குள்ள உறவு நெருங்கியதாதலின், எதனை உடலில் எழுதலாம் என்பதிலும் அவர்கள் மிகக் கண்டிப்பானவர்கள்.

திரைச்சீலைக்கு வந்த வரலாறு 1971ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகருக்கு வடமேற்கே பப்புன்யா என்னும் அரசாங்கக் குடியிருப்பிலே, ஜெப்ரி பார்டன் என்னும் இளம் ஆசிரியர் பாடசாலைச் சுவரில் ஓவியந் தீட்டுமாறு ஊக்கினார். முதியோர் கூடி ஆலோசித்துத் தேனெறும்பின் கதையைச் சுவரிலே தீட்டினர். அடுத்த ஆண்டில் ஓவியர்கள் தமக்கெனப் பப்புன்யா தூலா என்னும் நிறுவனத்தை அமைத்தனர். தொடக்கத்தில் வரைந்த பலகைகள் சிலவற்றில், தீட்சை பெறாதோரும் பெண்களும் காணலாகாத சடங்குப் பொருள்கள் வெளிப்படையாகவே இடம்பெற்றிருந்தன. பிற குடியினர் அதனைக் கண்டு கொதித்தெழுந்தனர். அதன் பின்னர் ஓவியர்கள் இரகசியமானவற்றை நீக்கினர், அல்லது புள்ளிகளைச் செறித்து அவற்றை மறைத்தனர். உலகமெங்கும் இரசிக்கப்படும் அப்புள்ளிகளுட் பல மறைத்தற்பொருட்டு இடப்பட்டவை என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. பார்ப்பவன் கண்முன்னே ஓவியம் விரிந்து கிடக்கின்றது. அதன் பொருளோ அவனுக்கு விரித்துக் காட்டப்படவில்லை.

சட்டைகளோடு வெளியிடப்படும் விளக்கங்களை வாசிப்போரும் இதனை நினைவிற் கொள்ளல் நன்று. ஒருமைய வட்டங்கள் நீர்நிலையையோ பாசறையையோ மக்கள் கூடுமிடத்தையோ குறிக்கும். குதிரை இலாடம் போன்ற வளைவு அமர்ந்திருக்கும் ஒருவரைக் குறிக்கும், மணலில் அமர்ந்தெழுந்தவர் விட்டுச்செல்லும் தடம் அதுவாதலின். வட்டங்களை இணைக்கும் கோடு பயண வழியாகும். அம்புபோன்ற மூவிரற் குறி ஈமுப் பறவையின் சுவடு. பாலைநிலத்து ஓவியங்களுக்கு இவை பொருந்தும். ஆயின் ஓர் அகராதியைப் புரட்டுவது போல் எல்லா ஓவியங்களுக்கும் இவற்றைப் பொருத்திப் பார்த்தல் தகாது. ஒரே வட்டம் ஒரே ஓவியத்திற்கூடக் கேட்பவரின் தகுதிக்கேற்பப் பொருள் வேறுபடும். சிறுவனுக்குக் கிணறு, தீட்சை பெற்றவனுக்கு அக்கிணற்றில் உறையும் மூதாதை, அதற்கும் அப்பாற்பட்டதை அறிவோர் மிகச் சிலர். சட்டையில் வருவது சிறுவனுக்குச் சொல்லும் படிநிலையே. அதற்கு மேல் வரலாகாது என்பதே ஓவியரின் அக்கறை.

இனி, அனுமதியின்றி எடுத்தாண்ட கதைகளைக் காண்போம். 1966ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆந் திகதி அவுஸ்திரேலியா பவுண் நாணயத்தை விடுத்து டொலர் நாணயத்துக்கு மாறியது. புதிய ஒரு டொலர்த் தாளின் பின்புறத்திலே மரப்பட்டை ஓவியமொன்று காணப்பட்டது. கூர்மிரிங்கு என்னும் வேட்டை மூதாதையின் ஈமச்சடங்கைக் காட்டும் ஓவியம் அது. அதனை வரைந்தவர் ஆர்ணெம் நிலத்து டேவிட் மலாங்கி. அவர் உயிரோடிருக்கின்றார் என்பதையோ, அவ்வோவியத்துக்கு உரியவர் ஒருவருண்டு என்பதையோ நாணயத்தாளை வடிவமைத்தோர் எண்ணிப்பார்க்கவில்லை. செய்தி வெளிவந்த பின்னர், மத்திய வங்கியின் ஆளுநராயிருந்த கூம்ப்ஸ் அவருக்கு 1,000 டொலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிச் சாதனங்களும் கிடைக்க ஏற்பாடு செய்தார். நாடு முழுவதும் சட்டைப்பையில் வைத்துத் திரிந்த ஓவியத்துக்குக் கிடைத்த சன்மானம் அவ்வளவே.

சட்டைக்கே நேராகத் தொடர்புடையது 1989ஆம் ஆண்டு வழக்கு. ஆர்ணெம் நிலத்து ஜோணி புலுன் புலுன் என்னும் ஓவியரின் படைப்புகள் அவர் அறியாமலே ரீ-சேட்டுகளில் அச்சிடப்பட்டு விற்பனையாயின. தம் ஓவியங்கள் இவ்வாறு கையாளப்பட்டமை தமக்கு மிகுந்த இழுக்கை விளைவித்ததென்றும், அதனை அறிந்த பின்னர் ஓவியந் தீட்டுவதையே நிறுத்திவிட்டதாகவும் அவர் சத்தியக்கடதாசியிலே கூறினார். பணவிழப்பு அன்று அவரை வருத்தியது. குலத்தாரின் முன் தாம் கதையைக் காவாதவராய் நிற்க நேர்ந்ததே வருத்தியது. அவரும் பிற ஓவியர்களும் தொடுத்த வழக்கு 150,000 டொலர் இழப்பீட்டோடு சமரசமாய் முடிந்தது. ஆதிக்குடி ஓவியம் பழம்பொருளே, அதற்கு ஆசிரியர் இல்லை, ஆதலாற் பதிப்புரிமையும் இல்லை என்னும் எண்ணம் அதனோடு ஆட்டங்கண்டது.

கம்பள வழக்கு எனப் பெயர்பெற்ற 1994ஆம் ஆண்டு வழக்கு இதனினும் கடுமையானது. எட்டு ஓவியர்களின் படைப்புகளைப் பார்த்து வியட்நாமிலே நெய்வித்த கம்பளங்களை வணிக நிறுவனமொன்று அவுஸ்திரேலியாவுக்கு இறக்குமதி செய்தது. அவற்றுள் பாண்டுக் மரிக்கா என்னும் பெண் ஓவியரின் படைப்பும் ஒன்று. அவர் குலத்தின் புனித நீர்நிலையைக் காட்டும் வடிவம் அந்நியரின் காலடியில் மிதிபடும் பொருளாயிற்று. நீதிபதி வொன் டூசா 188,640 டொலர் இழப்பீடு விதித்தார். ஓவியர்க்கு அவர்தம் சமூகத்தில் ஏற்பட்ட பண்பாட்டுத் தீங்கும் அத்தொகையிற் கணக்கிடப்பட்டமை அவ்வழக்கின் சிறப்பு. ஆயின் நிறுவனம் கலைக்கப்பட்டமையால் அப்பணம் ஓவியர் கைக்கு வந்து சேரவில்லை. நீதி கிடைத்தது, காசு கிடைக்கவில்லை.

1998இல் புலுன் புலுன் மீண்டும் நீதிமன்றம் ஏறினார். நீர்நிலையிலே வாத்தினப் பறவைகளும் அல்லிகளும் உள்ள அவருடைய ஓவியமொன்று இறக்குமதித் துணியிலே அச்சிடப்பட்டிருந்தது. இம்முறை அவரோடு கனல்பிங்கு குலத்தின் சார்பில் மற்றொருவரும் வழக்காளியாய் நின்று, ஓவியத்திலே குலத்துக்கும் உரிமையுண்டு என வாதித்தார். குலம் பதிப்புரிமையின் உடைமையாளர் ஆகாது எனத் தீர்ப்பாயிற்று. எனினும், குலவழக்குக்கு மாறாய் அவ்வோவியத்தைப் பயன்படுத்தாதிருக்கும் நம்பிக்கைப் பொறுப்பு ஓவியருக்கு உண்டு என்பதையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இத்தீர்ப்பு ஒரு பாலத்தின் பாதி போன்றது. சட்டத்தின் கண்ணுக்கு ஓவியர் ஒருவரே தெரிகின்றார். அவர் பின்னே நிற்கும் கிர்டாவையும் குர்டுங்குர்லுவையும் சட்டம் நிழலாகவே காண்கின்றது. அதே ஆண்டிலே சட்டத்தரணி ரெறி ஜாங்கே எழுதிய 'எமது பண்பாடு, எமது எதிர்காலம்' என்னும் அறிக்கை இக்குறையை விரிவாக எடுத்துக்காட்டியது. அதன் வழியிற் பின்னர் தோன்றிய நடைமுறை விதிகளே இன்று விளையாட்டுக் கழகங்கள் ஓவியரோடு உடன்படிக்கை செய்யும்போது கைக்கொள்ளத்தக்க வழிகாட்டியாயுள்ளன: ஓவியரை மட்டுமன்றி நிலத்துக்குரிய முதியோரையும் கேட்டல், ஓவியர் பெயரையும் குடியையும் வெளிப்படையாகக் கூறல், எதற்காக அனுமதி பெற்றதோ அதற்கு மட்டுமே பயன்படுத்தல்.

கடைசியாகக் கூறிய விதி சட்டை விடயத்திலே மிக இன்றியமையாதது. ஒரு பருவத்துச் சட்டைக்கென அளித்த வடிவத்தை அடுத்த ஆண்டிற் குவளையிலும் தொப்பியிலும் அச்சிட்டால் அது மீண்டும் பழைய களவேயாகும்.

இவ்விடத்திற் கொடியின் வரலாற்றையும் கூறாதுவிடல் இயலாது. கறுப்பும் சிவப்பும் நடுவிலே மஞ்சள் வட்டமுமாய் அமைந்த ஆதிக்குடிகளின் கொடியை லூரிச்சா மரபினரான ஹரல்ட் தோமஸ் 1971இல் வரைந்தார். அவ்வாண்டு யூலை மாதத்திலே அடிலெயிட் நகரிலே அது முதன்முதல் ஏற்றப்பட்டது. 1994ஆம் ஆண்டுப் பொதுநலவாய விளையாட்டிலே ஓட்ட வீராங்கனை கதி பிறீமன் வெற்றிக்குப் பின் இக்கொடியை ஏந்தி ஓடியமை உலகறிந்தது. 1995இல் அரசு அதனை உத்தியோகபூர்வமாய் அங்கீகரித்தது. 1997இல் நீதிமன்றம் அதன் பதிப்புரிமை தோமசுக்கே உரியதெனத் தீர்த்தது. இதுகாறும் யாவும் செம்மை. 2018இலே ஆடைகளில் அக்கொடியை அச்சிடும் தனியுரிமையை ஆதிக்குடியினர் அல்லாத நிறுவனமொன்று அவரிடமிருந்து பெற்றுக்கொண்டது. அதன்பின் உதைபந்தாட்டக் கழகங்களுக்கும் ஆதிக்குடியினரின் சமூக அமைப்புகளுக்குங்கூட அறிவித்தல்கள் பறந்தன. தம் கொடியைத் தம் சட்டையிற் பொறிக்கத் தாமே பணம் செலுத்தவேண்டிய நிலையை எண்ணி அம்மக்கள் கொதித்தனர். 2020ஆம் ஆண்டின் ஆதிக்குடிகள் சுற்றிலே அவுஸ்திரேலிய விதி உதைபந்தாட்ட அணிகள் கொடியில்லாத சட்டைகளோடு களம் புகுந்தன. ஈற்றில் 2022ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அரசாங்கம் 20 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட தொகையைக் கொடுத்துப் பதிப்புரிமையைத் தன்வசமாக்கி, கொடியை யாவரும் பயன்படுத்தலாம் என அறிவித்தது. ஓவியரின் உரிமையைச் சட்டம் காத்தால் யாவும் தீரும் என்று எண்ணுவோர்க்கு இந்நிகழ்ச்சி ஒரு தடையாக நிற்கின்றது. உரிமை தனியொருவர் கையிலிருந்தது. பொருளோ ஒரு மக்களினத்தின் உடைமையாகிவிட்டது.

இனிச் சட்டை உருவாகும் முறையைச் சுருக்கமாய் நோக்கலாம். முற்காலத்திலே எண்ணையும் எழுத்தையும் துணியில் வெட்டித் தைப்பர். அல்லது சல்லடைத் துணியினூடாக மையை அழுத்தி அச்சிடுவர். இரண்டிலும் பல வண்ண ஓவியத்தைச் சட்டை முழுவதும் பரப்பினால் துணி கனத்து, வியர்வை போகாது ஆட்டக்காரனை வருத்தும். இன்று கையாளப்படும் முறையிலே சாயத்தை முதலில் தாளில் அச்சிடுவர். அத்தாளைப் பொலியெஸ்டர்த் துணியோடு சேர்த்து ஏறக்குறைய 200 பாகை சதமவளவை வெப்பத்தில் அழுத்தும்போது, சாயம் உருகி நீராகாமல் நேரே ஆவியாகி இழைக்குள்ளே புகுந்து படிகின்றது. துணிக்குப் பாரமும் இல்லை. கழுவினாலும் நிறம் எளிதிற் போவதில்லை. இம்முறை வந்திராவிடின் ஓவியம் தாங்கிய கூடைப்பந்தாட்டச் சட்டையும் இத்துணை எளிதில் வந்திராது.

ஆயினும் ஓவியருக்கு இடைஞ்சல்கள் பல. கூடைப்பந்தாட்டச் சட்டை கையில்லாதது. தோளிலும் கழுத்திலும் ஆழ வெட்டப்பட்டது. முன்புறமும் பின்புறமும் பக்கத் துண்டுகளும் வெவ்வேறாய் வெட்டித் தைக்கப்படுவது. மார்பிலே தோன்றி முதுகுக்கு வளைந்து செல்லும் ஆறு தையலிலே அறுபட்டுவிடும். விதிப்படி எண் தெளிவாய், பின்னணியினின்றும் வேறுபட்ட ஒரே நிறத்திற் பொறிக்கப்படல் வேண்டும். நெஞ்சின் நடுவே, கூடுமிடத்தைக் குறிக்கும் வட்டம் இருக்கவேண்டிய இடத்திலே, நிதியுதவும் வணிக நிறுவனத்தின் பெயர் வந்து அமர்ந்துகொள்ளும். நல்ல ஓவியர் இவற்றையெல்லாம் முன்னறிந்து, கதையின் ஓட்டத்தை எண்ணைச் சுற்றியும் விளிம்பைத் தழுவியும் அமைக்கின்றனர். அமையாதவிடத்து ஓவியம் வெறும் பின்னணித் தாளாகிவிடும். ஆறு ஏன் தோள்வழியே இறங்குகின்றது என்னும் வினாவுக்குச் சட்டையே விடைகூறுமாயின் அது நல்ல சட்டை.

ஆண்டில் ஒரு சுற்றிற் சட்டை மாற்றுவதால் என்ன பயன் என்று கேட்போரும் உளர். அவர் கேள்வி அலட்சியம் செய்யத்தக்கதன்று. 2013ஆம் ஆண்டு மே 24ஆந் திகதி, உதைபந்தாட்டத்தின் ஆதிக்குடிகள் சுற்று தொடங்கிய அதே ஆட்டத்திலே, சிட்னி அணியின் புகழ்பெற்ற வீரர் அடம் கூட்ஸ் பார்வையாளர் வரிசையிலிருந்து இனநிந்தைச் சொல்லால் இகழப்பட்டார். 2015ஆம் ஆண்டின் ஆதிக்குடிகள் சுற்றிலே அவர் தம் மக்களின் போர்நடனத்தை ஆடிக்காட்டியபின், களந்தோறும் எழுந்த கூச்சல் மிகுந்து, அவ்வாண்டோடு அவர் ஆட்டத்தையே துறந்தார். சட்டையிலே ஓவியத்தைக் கண்டு கைதட்டிய மக்கள் கூட்டத்திலிருந்தே அக்கூச்சலும் எழுந்தது. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதி, ஆதிக்குடிகளுக்குப் பாராளுமன்றத்திடம் ஆலோசனை கூறும் அமைப்பொன்றை அரசியலமைப்பிற் சேர்க்கலாமா என்று நாடு முழுவதும் வாக்கெடுத்தபோது, ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் வேண்டா என்றனர். சட்டை வாங்குவது எளிது என்பதற்கு இவற்றினும் வேறு சான்று வேண்டுவதில்லை. போலிப் பொருள்களின் நிலையும் அவ்வாறே. உற்பத்தித்திறன் ஆணைக்குழுவின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, ஆதிக்குடிக் கலைப்பாணியிலான நினைவுப்பொருள்களுக்குச் செலவாகும் பணத்திற் பாதிக்கு மேற்பட்டது ஆதிக்குடியினர் கைபடாத போலிகளுக்கே போகின்றதெனக் காட்டியது. அச்சந்தையிலே ஓவியர் பெயரும் குடியும் நிலமும் கூறி விற்கப்படும் சட்டையொன்று, வாங்குவோனுக்கு எதனைக் கேட்டு வாங்கவேண்டும் என்று கற்பிக்கின்றது என்னும் அளவிலே பயனுடையதே.

கூடைப்பந்தாட்டத்திலே இதற்கு வேறொரு நியாயமும் உண்டு. அவ்வாட்டம் ஆதிக்குடியினருக்கும் தீவினருக்கும் புறத்தேயிருந்து இரவலாய் வந்து ஒட்டிய ஒன்றாக இன்று இல்லை. ரொறஸ் நீரிணையைச் சேர்ந்த டானி மோர்சு 1980, 1984ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் விழாக்களில் ஆடினார். வடகோடியிலுள்ள பமாகாவில் வளர்ந்த நேதன் ஜவாய், 2008இலே ரொறன்ரோ அணியிற் சேர்ந்து, அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தில் ஆடிய முதலாவது அவுஸ்திரேலிய ஆதிக்குடியினரானார். மோர்சுவின் மருகர் பற்றி மில்ஸ், தந்தைவழியில் ரொறஸ் நீரிணைத் தீவினர், தாய்வழியில் தென் அவுஸ்திரேலியக் கோக்கதா மக்களைச் சேர்ந்தவர். 1992ஆம் ஆண்டு நிலவுரிமைத் தீர்ப்பினாற் புகழ்பெற்ற எடி மாபோவுக்கும் அவர் உறவினர். 2020இல் ஆதிக்குடிச் சிறாருக்கென ஒரு கூடைப்பந்தாட்ட அமைப்பையும் அவர் நிறுவினார். 2021இலே ரோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவின் தொடக்கத்தில் நாட்டின் கொடியை ஏந்திச் சென்ற முதலாவது ஆதிக்குடியினர் அவரே. சுலொவீனியாவை 107க்கு 93 என அவுஸ்திரேலிய ஆடவர் அணி வென்று வெண்கலப் பதக்கம் பெற்ற ஆட்டத்திலே அவர் தனியே 42 புள்ளிகள் ஈட்டினார்.

அவ்வாண்டு அவுஸ்திரேலிய ஒலிம்பிக் அணிக்கென அமைத்த சீருடையிலே ஓர் ஆதிக்குடி ஓவியம் இடம்பெற்றது. வக்கா வக்கா மரபினரும் 2008ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் ஆடிய குத்துச்சண்டை வீரருமான போல் பிளெமிங் வரைந்த அதன் பெயர் 'இணைந்து நடத்தல்'. அதிலே 52 இணை அடிச்சுவடுகள் உள்ளன. அதுவரை அவுஸ்திரேலியாவின் சார்பில் ஒலிம்பிக்கிற் பங்குபற்றிய ஆதிக்குடியினரும் தீவினரும் 52 பேர். அவருள் முதல்வர்களாகப் போற்றப்படும் மூவரும் அதே ரோக்கியோ நகரிலே 1964ஆம் ஆண்டில் களமிறங்கியவர்கள். இருவர் குத்துச்சண்டை வீரர், ஏட்றியன் பிளேயரும் பிரான்சிஸ் றொபேட்சும். மூன்றாமவர் டார்வினில் வளர்ந்த கூடைப்பந்தாட்ட வீரர் மைக்கல் ஆ மாற். குடிசனத் தொகையைக் கணக்கிடும்போது ஆதிக்குடியினரைச் சேர்க்கலாகாது என்னும் விதி அன்று நாட்டின் அரசியலமைப்பிலே இருந்தது. மூன்று ஆண்டுகளின் பின்னர், 1967ஆம் ஆண்டு வாக்கெடுப்பிலேதான் அது நீக்கப்பட்டது. ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து, அவருடைய சுவடுகளும் அந்த 52இனுள் எண்ணப்பட்டு அதே நகருக்கு மீண்டன.